ஒரு செமஸ்டருக்கு ஒரு மாடி

வஞ்சிக்கொடி முதல் செமஸ்டரில் தேறிய செய்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் செல்போனுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வேலைக்குப் போனபோது கம்பெனிக் கட்டடத்தில் ஒரு மாடி கூடியிருந்தது.

கேட்டில் நின்ற வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்து ஜன்னல்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பன்னண்டு ஜன்னல் சேந்துருக்குதுங்க்கா. சாயங்காலம் சாத்தற வேலை எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவுக்கு அவளிடம் பேனா கேட்டார். லேத்துக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். எதிர்வரிசையில் அப்பளம் போடும் பெண்கள், காலை வெயில் தங்கள் பாய்க்கு வர அரைமணி நேரம் பிந்துவதைக் கண்டு பாயை நாலடி தள்ளிப் போட்டார்கள். ஒன்பதரைக்கு முதலாளி ஜெகநாதன் காரை விட்டு இறங்கி, இடுப்பில் கைவைத்து, கீழேயிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்து, "வெள்ளை அடிக்கோணும்" என்றார்.

அது கோயமுத்தூரில் ஆவாரம்பாளையம் பக்கம் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி. அதுவரை கீழே பட்டறை, மேலே ஆபீஸ், நடுவில் பதினெட்டுப் படி, அவ்வளவுதான். கீழே தகடு வெட்டும் பிரஸ்கள், லேத்துகள், கம்பி சுற்றும் மேசைகள், நூற்றுச் சொச்சம் ஆட்கள். அவர்களுக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை, அதற்குப் பெயர் டைம் ஆபீஸ். அங்கேதான் வஞ்சிக்கொடி பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். யார் எந்த ஷிஃப்ட், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் கல்யாணம், எந்த மெஷின் முனகுகிறது, எந்த ரெண்டு பேருக்குள் பேச்சு இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். மேலே இருந்த உள் நிர்வாக மேலாளர் ஓய்வு பெற்றுப் போனபோது, அந்த வேலையைப் பத்து வருஷமாகத் தான்தானே பார்க்கிறோம் என்று நினைத்து, பதினெட்டுப் படி ஏறிப் போய் முதலாளியிடம் கேட்டாள்.

"நீ பாக்காத வேலையா வஞ்சி" என்றார் முதலாளி. "ஆனா மேல உக்கார்றதுக்கு ஒரு எம்.பி.ஏ. வேணுமே. நாலு பேரு கேப்பாங்கல்ல? படிச்சு முடி. முடிச்சுட்டு மேல வா."

அவள் படிக்கப் போனாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது, பி.காம். படித்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. வடக்கே எங்கேயோ இருந்த ஒரு பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்திய முதுகலைப் படிப்பு அது. ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர், சிறப்புப் பாடம் உள் நிர்வாகம். சனி ஞாயிறு காலையில் வகுப்பு. பேராசிரியரின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அவர் பெயரின் முதல் எழுத்து, அதற்குள்ளிருந்து வரும் குரல். அவள் புருஷன் தண்டபாணி மினி லாரி ஓட்டுகிறவன். "ஆளில்லாத வட்டத்துக்கு வணக்கம் சொல்ற, எனக்கு ஒருநா சொல்லிருக்கறயா" என்று சிரிப்பான். சிரித்துக்கொண்டே அவள் வகுப்பு முடியும்வரை சாதம் வடித்து இறக்கி வைப்பான். பஸ்ஸில் போகும்போதும் மத்தியானச் சாப்பாட்டின்போதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பதிவு செய்த பாடங்களைக் கேட்டாள். அதிகாரம் எப்படி மேலிருந்து கீழே இறங்க வேண்டும், தகவல் எப்படிக் கீழிருந்து மேலே ஏற வேண்டும், ஒரு தலைக்குக் கீழே எத்தனை கை இருக்கலாம் என்றெல்லாம் படித்தாள். முதல் செமஸ்டரில் எழுபத்தொன்று வாங்கினாள். அதற்கு மறுநாள்தான் மாடி வந்தது.

வந்த மாடி சும்மா வரவில்லை. ஆறு மேசை, ஆறு மின்விசிறி, ஈரச் சிமெண்டு வாசம், அந்த வருஷத்துத் தினக் காலண்டர் எல்லாவற்றோடும் வந்தது. பட்டறைக்கும் ஆபீசுக்கும் சரியாக நடுவில் வந்தது. வெள்ளிக்கிழமை பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்த வாரம் முதலாளியின் மச்சினன் மகன் பிரணவ், துணை மேலாளர் என்ற பலகையோடு அங்கே உட்கார்ந்தான். அதை என்ன மாடி என்று கூப்பிடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. முதலாளி உட்கார்ந்திருக்கும் இடம்தான் அன்றைக்கும் இன்றைக்கும் முதல் மாடி, அதை ரெண்டாவது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆகையால் புதுசுக்கு ஒன்று-அ என்று பெயர் வைத்தார்கள். வாட்ச்மேன் அதைச் சாவிக்கொத்தில் எழுதி ஒட்டினார். அதோடு குழப்பம் தீர்ந்தது.

வஞ்சிக்கொடிக்கு மட்டும் தீரவில்லை. முன்பெல்லாம் முதலாளி நாற்காலியை இழுக்கும் சத்தம் அவள் தலைக்கு மேலே கேட்கும். இழுக்கிற வேகத்தை வைத்து அன்றைக்கு அவர் மனசு எப்படி என்று சொல்லிவிடுவாள். இப்போது பிரணவின் செல்போன் பாட்டுத்தான் கேட்டது.

"நான் படிக்கப் படிக்க அவரு ஒசந்துட்டே போறாருங்க" என்று தண்டபாணியிடம் சொன்னாள்.

"படிப்பை நிறுத்திரு."

"நிறுத்துனா இங்கயேதான் இருக்கோணும்."

ரெண்டாவது செமஸ்டரில் எழுபத்தாறு. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை ஒன்று-ஆ வந்தது. கட்டட வரிக்கு அளக்க டேப்போடு ஒருவர் வந்தார், அளந்தார், எழுதினார், ஒரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். லிஃப்ட் வைத்தார்கள். அப்பளக்காரப் பெண்கள் பாயைச் சந்து முனைக்கே கொண்டுபோய்விட்டார்கள்; "வளர்ற கட்டடம், என்ன பண்றது, வளரட்டும், நம்ம அப்பளமா வளருது" என்றார்கள். பட்டறையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. மாடி வந்ததைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. மேலே வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் கீழே இறங்கி வராமலே கீழே உள்ளதைத் திருத்த ஆரம்பித்ததுதான் எரிச்சலாக இருந்தது. சிறுநீர் கழிக்கப் போவதற்கு ஒரு நோட்டு வந்தது. நோட்டில் கையெழுத்துப் போட ஒரு வரிசை வந்தது. வரிசைக்கு ஒரு விதி வந்தது.

அந்த ஆவணி மாதம்தான் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் இடது பொத்தான் செத்துப்போனது.

அந்த பிரஸ்ஸை ஓட்டியவள் கலாமணி. முப்பத்துநாலு வயது, சின்னவேடம்பட்டியிலிருந்து வருகிறவள், ஒல்லியான உடம்பு, உரத்த குரல். சாப்பாட்டு நேரத்தில் வஞ்சிக்கொடியின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்து, "என்னக்கா இந்தாளு, சாப்புடாமப் பேசறானா, சத்தமே வரல" என்று சிரிக்கிறவள். அந்த மெஷினில் ரெண்டு பொத்தான் உண்டு, கைக்கு ஒன்று. ரெண்டு கையாலும் ரெண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். ரெண்டு கையும் பொத்தானில் இருப்பதால் எந்தக் கையும் இரும்புக்கு அடியில் இருக்காது. இடது பொத்தான் செத்த அன்று மெஷினை நிறுத்தினார்கள். அரைமணி நேரத்தில் பிரணவ் ஃபோனில் கூப்பிட்டு, இடது பொத்தானுக்குப் போகும் ஒயரை நேராக இணைத்துவிட்டு ஒற்றைப் பொத்தானில் ஓட்டச் சொன்னான். ஆர்டர் நிற்கிறது என்றான். எலக்ட்ரீசியன் வெள்ளியங்கிரி மாட்டேன் என்றார். ஒன்று-ஆவிலிருந்து ஒரு ஆள் வந்து ஒயரை இணைத்துவிட்டுப் போனான்.

வஞ்சிக்கொடி அன்றைக்கே பொத்தான் வேண்டும் என்று தாள் எழுதி மேலே அனுப்பினாள். ஒன்று-அ அதில் ஒரு கேள்வி எழுதித் திருப்பியது. அவள் பதில் எழுதினாள். ஒன்று-ஆ மூன்று கடையில் விலை கேட்டு வாங்கி இணைக்கச் சொன்னது. இணைத்தாள். புரட்டாசி போனது, ஐப்பசி போனது. வாரத்துக்கு ஒருமுறை கலாமணி கண்ணாடித் தடுப்பைத் தட்டி, "அக்கா, என்ற பொத்தான்?" என்று கேட்பாள். "மேல போயிருக்குது" என்பாள் இவள். தை மாசம் மூன்றாவது செமஸ்டர் முடிவு வந்தது, எழுபத்தெட்டு. மறுநாள் ஒன்று-இ நின்றது. அந்த வாரமே தாள் திரும்பிக் கீழே வந்தது. கட்டடத்தில் மூன்று மாடி இருந்தபோது எழுதிய தாள், இப்போது நாலு மாடி இருக்கிறது, ஆகவே புதிய படிவத்தில் முதலிலிருந்து எழுதி அனுப்பவும் என்று சிவப்பு மையில் குறிப்பிட்டிருந்தது.

அவள் புதிதாக எழுதினாள். எழுதி மேலே அனுப்பப் போனபோதுதான் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த வாசகத்தைப் பார்த்தாள். *ஒவ்வொரு தகவலும் தனக்கு அடுத்த நிலையைத் தாண்டாமல், படிப்படியாகச் செல்வதே நிர்வாக ஒழுங்கு.* இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று நினைத்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது. படித்ததில்லை, எழுதியது. மூன்றாவது செமஸ்டர் கட்டுரையில் அவளே எழுதியது. படிக்க அனுமதி கொடுத்த கம்பெனிக்குக் கட்டுரையின் ஒரு நகல் தர வேண்டும் என்று விதி இருந்தது. தந்திருந்தாள். அந்த வாக்கியத்தை அவள் நம்பி எழுதவில்லை, வட்டத்துக்குள் இருந்த குரலுக்குப் பிடிக்கும் என்று எழுதினாள்; பிடித்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, டைம் ஆபீசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் தட்டுச் சத்தம் நடுவில் ஒன்று குறைந்தது. பதினாறு வருஷம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு அது போதும். அலறல் வருவதற்கு முன்னாலேயே எழுந்து ஓடினாள். கலாமணியின் வலது கை பொத்தான்மேல் இருந்தது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் இல்லை. வெள்ளியங்கிரி தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். வேனில் ஏற்றும்போது கலாமணி அழவில்லை. வஞ்சிக்கொடியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, மோதிரம் இருந்துச்சுக்கா அந்த வெரல்ல, தகட்டுக்குள்ள கெடக்கும், பாத்து எடுத்து வெய்யி" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வஞ்சிக்கொடி லிஃப்டில் ஏறவில்லை. படியில் ஏறினாள். ஒன்று-அவில் பிரணவ், "நான் அன்னைக்கே மேல அனுப்பிட்டேனுங்க" என்றான். ஒன்று-ஆவில், "நாங்களும் அனுப்பிட்டோமுங்க" என்றார்கள். ஒன்று-இயில் ஒரு பெண் இழுப்பறைகளைத் திறந்து திறந்து தேடி, கடைசியில் மணிபிளாண்ட் வைத்திருந்த சட்டியைத் தூக்கினாள். அதற்கு அடியில் இருந்தது. ஈரம் படாமல் இருக்கச் சட்டிக்குக் கீழே நாலாக மடித்து வைத்த தாள், அதோடு குத்தியிருந்த ஒன்பது இணைப்புகள். மேலே முதலாளி மீட்டிங்கில் இருந்தார். வஞ்சிக்கொடி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஐம்பத்துநாலு படியும் இறங்கி வந்து தன் மேசையில் விரித்து வைத்தாள். நடுவில் சட்டியின் வட்டத் தழும்பு இருந்தது.

பட்டறை அதையும் செரித்துக்கொள்ளப் பார்த்தது. மறுநாள் மூன்றாம் நம்பருக்குக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். யாரோ அங்கே குங்குமம் அப்பினார்கள். நாலாம் நாள் வேறொரு பெண்ணை அந்த மெஷினில் உட்காரவைத்தார்கள். அவள் சாமி கும்பிட்டுவிட்டு ஒற்றைப் பொத்தானில் ஓட்டினாள். சத்தம் பழையபடி சீராகக் கேட்டது. அந்தச் சீர்தான் வஞ்சிக்கொடிக்குப் பொறுக்கவில்லை. தண்டபாணி ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாள். அப்புறம் அவனிடமே போய், "உங்க மேல இல்லீங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் அவன். "யாரு மேலயோ அவங்க மேல எரிஞ்சு விழு. அதுக்குத்தான் எடம் தெரியாம சுத்தற."

பத்தாம் நாள், வியாழக்கிழமை மூன்று மணிக்கு, லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. ஒரு ஆபீஸ் பையன் அவள் மேசைமேல் ஒரு கவரை வைத்து, "கலாமணி அக்காகிட்டக் குடுத்துக் கையெழுத்து வாங்கியாரச் சொன்னாங்க" என்றான். அவள் பிரித்தாள். தன் கவனக்குறைவால் விபத்துக்கு உள்ளாகி, கம்பெனிக்கு உற்பத்தி இழப்பு ஏற்படுத்திய தொழிலாளி கலாமணி, இரு கைகளாலும் வேலை செய்யும் தகுதியை இழந்துவிட்டதால் இன்று முதல் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கீழே நாலு கையெழுத்து. முதலாளி, ஒன்று-இ, ஒன்று-ஆ, ஒன்று-அ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போட்டிருந்தது. நாலும் அன்றைய தேதி. முதல் கையெழுத்தில் நேரமும் குறித்திருந்தது, மத்தியானம் ரெண்டு பத்து.

வஞ்சிக்கொடி அதை ரெண்டு தடவை படித்தாள். எழுந்து வெள்ளியங்கிரியிடம் போனாள்.

"அண்ணா, மெயின் பெட்டிச் சாவி குடுங்க."

"எதுக்குங்க்கா?"

"எறக்கறதுக்கு."

வெள்ளியங்கிரி அவள் முகத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "எறக்குனா ஒரேயடியா எறக்கிப் போடுங்க. பாதியில தயங்குனா நெருப்புப் பறக்கும்."

அவள் முதலில் பட்டறை முழுக்க ஒரு நடை நடந்தாள். ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் நின்று, "கையை எடுங்க, கையை எடுங்க, எல்லாரும் கையை வெளிய எடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாக் கையும் வெளியே வந்த பிறகு, லேத்துகளுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்து ஒரேயடியாக இறக்கினாள். உள்ளே தொங்கிய ஜெனரேட்டர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிரஸ்கள் நின்றன, லேத்துகள் முனகி முனகி நின்றன, லிஃப்ட் எங்கேயோ நடுவில் நின்றது, நாலு மாடியின் மின்விசிறிகளும் குளிர்பதன மெஷின்களும் கணினிகளும் நின்றன. பங்குனி வெயில் கட்டடத்துக்குள் ஏறியது. கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மேலேயிருந்து செல்போனில் கூப்பிட்டார்கள், அவள் எடுக்கவில்லை. அப்புறம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று-அ இறங்கியது, சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு. அதற்குப் பின்னால் ஒன்று-ஆ. அதற்கும் பின்னால் ஒன்று-இயின் பெண், இதுவரை பட்டறையைப் பார்த்ததே இல்லாதவள், மூக்கைப் பொத்திக்கொண்டு. நாலேகாலுக்கு முதலாளி ஜெகநாதன் கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி எழுபத்திரண்டு படியும் இறங்கி வந்து நின்றார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தினமும் காலையில் இங்கே ஒரு சுற்றுச் சுற்றியவர்தான். கண் மங்கல் வெளிச்சத்துக்குப் பழக அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"யாரு மெயினை எறக்குனது?"

"நானுங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கறதுங்க? எனக்கு மேல இருந்தவீங்க எல்லாருமே இப்பக் கீழதான் நிக்கறீங்க."

யாரோ சிரித்தார்கள், சட்டென்று அடங்கினார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "வஞ்சி, பதினாறு வருஷம் இருந்தவன்னு பாக்கறேன். மெயினைப் போடு. மேல வா, பேசிக்கலாம்."

"போட்டா நீங்க மேல போயிருவீங்க. நான் ஏறி வர்றதுக்குள்ள இன்னொரு மாடி வந்துரும்."

அவள் ரெண்டு தாளையும் அவர் முன்னால் பிடித்தாள்.

"இது கலாமணிக்குப் பொத்தான் கேட்டு நான் எழுதுனது. இது மேல போறதுக்கு ஏழு மாசம், போயே சேரலை. இது அவளை வேலைய விட்டு நிறுத்தறது. ரெண்டு பத்துக்குக் கெளம்பி மூணு மணிக்கு என்ற மேசைக்கு வந்துருச்சு. ரெண்டும் ஒரே படிதானுங்களே? ஏறும்போது மட்டும் எங்கீங்க அத்தனை படி வருது?"

முதலாளி தாளை வாங்கவில்லை. "எனக்கு இந்தப் பொத்தான் சங்கதியே தெரியாது."

"தெரியாதுங்களா? கலாமணி கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்து பந்தியில சாப்டீங்க. மூணாம் நம்பர் பிரஸ்ஸ புதுசா வாங்கி எறக்குன அன்னைக்கு நீங்களே ரெண்டு கையாலயும் அழுத்திக் காட்டுனீங்க. 'கை முக்கியம், தகடு ஒண்ணு போனா போகுது'ன்னு சொன்னீங்க. அது தெரிஞ்ச மனுஷன் எப்போ தெரியாத மனுஷன் ஆனீங்க?"

"குரலை ஒசத்தாதே."

"ஒசத்தாம இருந்துதானுங்க மூணு வெரலு போச்சு."

முதலாளி வெள்ளியங்கிரியைப் பார்த்து மெயினைப் போடச் சொன்னார். வெள்ளியங்கிரி, "சாவி அவங்ககிட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பீடியை எடுத்து, பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நம்பரில் புதிதாக உட்கார்ந்த பெண் எழுந்து வந்து வஞ்சிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு கம்பி சுற்றுகிறவர்கள் வந்தார்கள். லேத்துக்காரர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். வேர்வை எல்லார் முதுகிலும் ஒரே மாதிரி வழிந்தது. முதலாளி ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அவருக்கு நேர் எதிரே மூன்றாம் நம்பர் பிரஸ் இருந்தது, எலுமிச்சம்பழமும் குங்குமமும் ஒற்றைப் பொத்தானுமாக. ஐந்தே கால்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கையை நீட்டினார். வஞ்சிக்கொடி பேனா கொடுத்தாள். வேலைநீக்கத் தாளின் குறுக்கே கோடு போட்டு, அதன் பின்பக்கத்தில், விபத்துக்குக் கம்பெனியே பொறுப்பு, கை ஆறும்வரை முழுச் சம்பளம், ஆறியபின் தகுந்த வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளியங்கிரி அடுத்த தெருக் கடைக்கு நடந்து போய்ப் பொத்தான் வாங்கிவந்து மாட்டினார். போனது, வந்தது, மாட்டியது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தைப் பட்டறையில் ஒவ்வொருவரும் தங்களுக்குள் எண்ணினார்கள். எண்ணி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு முன்பிருந்ததைவிடக் கோபம் அதிகமாகியிருந்தது.

மறுநாள் காலையில் வஞ்சிக்கொடி சின்னவேடம்பட்டிக்குப் போனாள். கலாமணி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். வஞ்சிக்கொடி தாளைப் படித்துக் காட்டினாள். பொத்தான் மாட்டியாயிற்று என்றாள்.

"எத்தனை பெருசுக்கா அது?"

"எலுமிச்சம்பழத்துல பாதி இருக்கும்."

கலாமணி வலது கையைக் குவித்து அந்த அளவு பார்த்தாள். பிறகு கேட்டாள், "லிஃப்டுகிட்ட எழுதி மாட்டிருக்குதல்ல, படிப்படியாத்தான் போகோணும்னு. அது நீ எழுதுனதாம்ல? பிரணவ் சொல்லிட்டுத் திரியறானாம்."

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா. நான்தான் எழுதுனேன்" என்றாள் வஞ்சிக்கொடி. "எழுவத்தெட்டு மார்க்கு போட்டாங்க."

கலாமணி வலது கையால் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து வீசினாள். அது சுவரில் பட்டு, தண்ணீர் வஞ்சிக்கொடியின் புடவைமேல் தெறித்தது. "அப்போ என்ற வெரலுக்கு மேல நின்னு மார்க்கு வாங்கிருக்கற. வாரா வாரம் வந்து கேட்டனே, மேல போயிருக்குது மேல போயிருக்குதுன்னயே. நீ ஒருநா மெயினை எறக்கறதுக்கு என்ற கை போகோணுமாக்கா?"

வஞ்சிக்கொடி எழுந்து போகவில்லை. கலாமணி அழுது முடிக்கும்வரை ஈரப் புடவையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"படிப்பு முடிஞ்சுதா?" என்று கடைசியில் கேட்டாள் கலாமணி.

"ப்ராஜெக்ட் ஒண்ணுதான் பாக்கி. நம்ம கம்பெனி நிர்வாகம் எத்தனை சிறப்புன்னு எண்பது பக்கம். எழுதி வெச்சாச்சு. அனுப்போணும்."

"மாத்தி எழுது."

"என்னன்னு?"

"நான் சொல்றேன், நீ எழுது."

அன்றைக்கும் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் கலாமணி சொன்னாள், வஞ்சிக்கொடி எழுதினாள். ஆவணியில் பொத்தான் செத்த அன்றிலிருந்து தொடங்கி, எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, யார் என்ன கேள்வி எழுதினார்கள், சட்டி எந்த மாடியில் இருந்தது, எல்லாம் எழுதினாள். தான் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தையும், அதற்கு வாங்கிய மார்க்கையும், யாருடைய கைக்கு என்ன ஆனது என்பதையும் பெயர் போட்டு எழுதினாள். வைகாசியில் அனுப்பினாள்.

ஆனி மாதம் முடிவு வந்தது. மறுநாள் திங்கட்கிழமை பட்டறை முழுக்க அரைமணி முன்னாலேயே வந்து ரோட்டில் நின்றது. அப்பளக்காரப் பெண்களும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார்கள். வாட்ச்மேன் ஜன்னல்களை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக ரெண்டு முறை எண்ணினார். "ஏறலீங்க்கா" என்றார்.

ஏறியிருக்க முடியாது. அவள் தேறவில்லை. ப்ராஜெக்ட்டுக்குக் கீழே தேர்வாளர் குறிப்பு எழுதியிருந்தார்: *மாணவர் கோபத்துடன் எழுதியுள்ளார். உள் நிர்வாகத்தில் கோபத்துக்கு இடமில்லை. தொனியை மாற்றி அடுத்த செமஸ்டரில் மீண்டும் சமர்ப்பிக்கவும்.*

கலாமணி அப்போது வேலைக்குத் திரும்பியிருந்தாள். டைம் ஆபீசில் வஞ்சிக்கொடிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, வலது கையால் வருகைப் பதிவு எழுதினாள். ப்ராஜெக்ட்டுக்குச் சொன்னதைத் தவிர, அவள் வஞ்சிக்கொடியிடம் சரியாகப் பேச ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வஞ்சிக்கொடி செல்போனில் வந்த குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினாள்.

"தொனின்னா என்னக்கா?"

"பேசற சத்தம்."

கலாமணி இரண்டு விரல் இருந்த கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பேனாவை மூடினாள். "அடுத்த தடவைக்கு என்ன அனுப்புவ?"

வஞ்சிக்கொடி அடுத்த செமஸ்டருக்கு அதே ப்ராஜெக்ட்டை அனுப்பினாள். அதற்கடுத்த செமஸ்டருக்கும் அதையே அனுப்பினாள். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.